வயிற்றுப்புண் எப்படி உண்டாகிறது, எந்த மருந்து எதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்வயிற்றில் வலி வந்தால் மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கி விழுங்குவதும், வலி அடங்கியதும் நிறுத்துவதும், சில மாதங்களில் மறுபடி அதே மாத்திரையைத் தேடுவதும் நம் வீடுகளில் பரவலான பழக்கம். அந்த மாத்திரை பல நேரங்களில் புண்ணை ஆற்றவும் செய்கிறது. ஆனால் புண்ணை உண்டாக்கிய காரணத்தை அது தொடுவதில்லை. அதனால்தான் புண் திரும்ப வருகிறது. கீழே உள்ள பதில்கள் பொதுவான விளக்கங்களே. ஒருவருக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயிற்றுப்புண் எங்கே ஏற்படுகிறது?

இரைப்பையின் உட்சுவரிலோ, இரைப்பை முடிந்ததும் தொடங்கும் முன்சிறுகுடலின் உட்சுவரிலோ ஏற்படும் குழிவான காயத்தையே வயிற்றுப்புண், குடற்புண், அல்சர் என்றெல்லாம் சொல்கிறோம். மேலோட்டமான சிராய்ப்பு சளிச்சவ்வோடு நின்றுவிடும், விரைவில் ஆறியும் விடும். புண் அப்படியல்ல, அது சளிச்சவ்வைத் துளைத்து அதற்கு அடியிலுள்ள படலத்துக்குள் இறங்குகிறது. அங்கே இரத்தக் குழாய்கள் ஓடுவதால் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. முன்சிறுகுடல் புண் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பைப் புண்ணோ சில சமயம் புற்றுநோயின் முதல் தோற்றமாகவே இருக்கலாம் என்பதால், இவ்விரண்டையும் மருத்துவர்கள் ஒரே மாதிரி கையாள்வதில்லை.

இறைச்சியையே கரைக்கும் அமிலம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

இந்தக் கேள்விக்கான விடை புரிந்துவிட்டால் மருந்துகள் வேலை செய்யும் விதமும் பெரும்பாலும் புரிந்துவிடும். இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமையானது) 1 முதல் 2 வரை இருக்கிறது. அதனுடன் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற நொதியும் சேர்கிறது. இவற்றுக்கு எதிராக இரைப்பையின் உட்சுவர் கெட்டியான சளியைச் சுரந்து தன்மேல் பூசிக்கொள்கிறது. அந்தச் சளிக்குள் பைகார்பனேட் கசிவதால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தப் படலத்தின் மேற்புறத்தில் கடும் அமிலம் இருக்கும்போதே அடிப்புறத்தில் அமிலத்தன்மை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மேலடுக்குச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இரத்த ஓட்டம் கசிந்த அமிலத்தை உடனுக்குடன் அகற்றுகிறது. சளிச் சுரப்பையும் பைகார்பனேட்டையும் இரத்த ஓட்டத்தையும் தூண்டி வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் எனப்படும் வேதிப்பொருள்கள்.

அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்று கார்ல் ஷ்வார்ஸ் என்ற மருத்துவர் 1910-இல் கூறினார். அது இன்றும் பெரும்பாலும் உண்மைதான் என்றாலும் பாதி உண்மைதான். அமிலம் எல்லாருக்கும் சுரக்கிறது. புண் சிலருக்கே வருகிறது. அந்தச் சிலரிடம் அரணை உடைத்தது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

காரம், பட்டினி, கவலை ஆகியவற்றால் அல்சர் வருமா?

மிளகாயோ புளியோ புண்ணை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே புண் உள்ளவருக்கு அவை எரிச்சலைக் கூட்டலாம்; அப்படிக் கூட்டினால் ஆறும்வரை குறைத்துக்கொள்வது நல்லது. நேரம் தவறிச் சாப்பிடுவதால் மட்டுமே புண் வருகிறது என்ற நம்பிக்கையும் இவ்வாறே.

மனஅழுத்தத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1995-இல் ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அந்த வட்டாரத்தில் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெரும் தீக்காயம், தலைக்காயம், செயற்கைச் சுவாசம் போன்ற நிலைகளில் இருப்பவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே இரைப்பையில் புண்கள் தோன்றலாம். இவை உடல் தாங்கும் கடும் நெருக்கடிகள். அலுவலகக் கவலையை அவற்றோடு ஒப்பிட்டு, “டென்ஷனால் வந்தது” என்று முடித்துவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் நோயாளிக்குத் தீங்கு. புகைப்பழக்கம் மட்டும் ஐயமில்லாமல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

கிருமியால் புண் வருகிறது என்பது எப்படித் தெரிய வந்தது?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராயல் பெர்த் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்த ராபின் வாரன், 1979-இல் இரைப்பைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும்போது சுருள் வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். அமிலத்தில் எதுவும் வாழாது என்பது அன்றைய பாடம். ஆனால் அழற்சி இருந்த திசுக்களிலேயே அவை திரும்பத் திரும்பத் தென்பட்டன. 1981-இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். ஆய்வகத்தில் அந்தக் கிருமியை வளர்க்கும் முயற்சிகள் தொடர்ந்து தோற்றன, ஏனெனில் இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டுகளைக் குப்பையில் போடுவது வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் அப்படியே விடப்பட்டன. விடுமுறை முடிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது.

பலர் நம்ப மறுத்ததால், 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு வாந்தி வந்தது; உள்நோக்கிப் பரிசோதனையில் (எண்டோஸ்கோப்பி) இரைப்பை அழற்சி உறுதியானது. (அவருக்குப் புண்ணே வந்துவிட்டது என்று அடிக்கடி எழுதப்படுகிறது, வந்தது அழற்சி மட்டுமே.) ஹெலிகோபாக்டர் பைலோரி என இன்று வழங்கும் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 2005-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இவர்களுக்கும் முன்பே, 1958 முதல், கிரேக்க நாட்டின் மெசலோங்கி ஊரில் யோவானிஸ் லிகூடிஸ் என்ற மருத்துவர் தம் நோயாளிகளின் குடற்புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லிகள் கொடுத்து வந்தார். அவருக்கு அபராதம்தான் கிடைத்தது. அவர் எழுதிய கட்டுரைகளை இதழ்கள் ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் வலியைச் சுமந்த, அறுவை சிகிச்சையில் இரைப்பையின் ஒரு பகுதியையே இழந்த எத்தனையோ பேரை நினைக்கும்போது, அந்தத் தாமதம் மனத்தை உறுத்துகிறது.

அந்தக் கிருமி அமிலத்தில் எப்படி வாழ்கிறது? புண்ணை எப்படி உண்டாக்குகிறது?

அதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக உள்ளது. இரைப்பையில் இருக்கும் யூரியாவை அது அமோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டும் முறித்துக்கொள்கிறது. பிறகு வாலிழைகளால் நீந்திச் சளிக்குள் புகுந்துவிடுகிறது. அது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தங்கினால், அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் சோமாடோஸ்டாடின் குறைகிறது, சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் கூடுகிறது. மிகுந்து சுரந்த அமிலம் முன்சிறுகுடலில் இறங்கிப் புண்ணாக்குகிறது. இரைப்பையின் மேற்பகுதி முழுவதும் பரவினால் நிலைமை நேர்மாறு: சுரப்பிகள் நலிந்து அமிலம் குறைகிறது, ஆனால் அரண் சிதைந்துபோவதால் இருக்கிற அமிலமே இரைப்பையைப் புண்ணாக்கப் போதுமாகிறது. காலப்போக்கில் இரைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் இந்த வகையிலேயே அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே, வாய்வழியாகவோ மலம் கலந்த நீர் வழியாகவோ இது தொற்றுகிறது. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே வாழ்நாளில் புண் வருகிறது. கிருமியின் ரகம், மரபு, புகைப்பழக்கம், வலி மாத்திரை எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

வலி மாத்திரை வயிற்றை எப்படிக் கெடுக்கிறது?

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான் வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. மூட்டில் வீக்கத்தை உண்டாக்கும் அதே குடும்பப் பொருள்தான் இரைப்பையில் அரணைக் காக்கிறது என்பதால், மருந்து இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. இதனால் சில முடிவுகள் தாமாகவே புலனாகும். ஊசியாகப் போட்டாலும் புண் வரும், ஏனெனில் மருந்து இரத்தம் வழியாகவே இரைப்பையைப் பாதிக்கிறது. சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் எரிச்சல் குறையுமே தவிர, புண் வராமல் இருக்க அது உத்தரவாதம் ஆகாது. காப்பு உறை பூசிய ஆஸ்பிரினுக்கும் இது பொருந்தும்.

அறுபது வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்து எடுப்பவர்கள் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி. மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கலந்து தரும் ‘செட் மாத்திரை’யில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாக இருப்பதுண்டு; வாங்குபவருக்கு அது தெரிவதே இல்லை. முழங்கால் வலிக்காக முதியவர்கள் இப்படி வாங்கிச் சாப்பிடுவது உடனடியாகத் தடுக்கப்பட வேண்டிய பழக்கம். சாதாரண உடல் வலிக்கு, அளவுக்குள் எடுக்கும் பாரசிட்டமால் இரைப்பைக்குப் பெரிதும் பாதுகாப்பானது.

அறிகுறிகளைக் கொண்டே புண் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிவது போன்றோ கிள்ளுவது போன்றோ வலிப்பது பொதுவான அறிகுறி. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் நள்ளிரவிலும் வலித்து, ஏதாவது சாப்பிட்டதும் தணிந்தால் முன்சிறுகுடல் புண் என்றும், சாப்பிட்டதுமே வலி கூடினால் இரைப்பைப் புண் என்றும் பாடநூல்கள் சொல்லும். நடைமுறையில் இந்த வேறுபாடு பலரிடம் தெளிவாக இருப்பதில்லை. வலி மாத்திரையால் வரும் புண்கள் முதியவர்களிடம் எந்த வலியும் தராமல் இருந்து, ஒரு நாள் இரத்தக் கசிவாகவே வெளிப்படுவதும் உண்டு. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் உணவுக்குழாய்க்கு அமிலம் எதுக்களிக்கும் நோய், அது வேறு.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

இரத்த வாந்தி, காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, தார் போல் கறுத்துப் பிசுபிசுத்து நாறும் மலம், திடீரெனக் கத்தியால் குத்தியதுபோல் தொடங்கி வயிறே பலகைபோல் இறுகும் வலி, மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும் என்றாலும், அதைத் தானே ஊகித்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், இரத்த சோகை, சாப்பிட்டது மணிக்கணக்கில் தங்கித் தொடர்ந்து வாந்தியாக வருதல் ஆகியவை இருந்தால் சில நாள்களுக்குள் உள்நோக்கிப் பரிசோதனை தேவை.

எண்டோஸ்கோப்பி எல்லாருக்கும் தேவையா? கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அபாய அறிகுறி இல்லாத இளவயதினருக்கு எண்டோஸ்கோப்பி இல்லாமலேயே கிருமிப் பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கலாம். கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கச் சொல்லி, பிறகு ஊதும் மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. கிருமியின் யூரியேஸ் இருந்தால்தான் அது மூச்சில் வெளிவரும். மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் பரிசோதனையும் நம்பகமானது. எண்டோஸ்கோப்பி செய்பவர்களுக்குச் சிறு திசுத் துணுக்கை எடுத்து அங்கேயே சோதிக்கலாம். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் சோதனை, கிருமி ஒழிந்து நெடுநாள் ஆன பின்னும் ‘இருக்கிறது’ என்றே காட்டும் என்பதால் அதற்கு மதிப்பு குறைவு.

இங்கே பலர் அறியாத ஒன்று: ஒமெப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை எடுத்துக்கொண்டே பரிசோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அவற்றை 2 வாரமும், நுண்ணுயிர்க்கொல்லிகளை 4 வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதனை செய்ய வேண்டும். இரைப்பைப் புண் என்றால் திசுப் பரிசோதனை அவசியம்; சிகிச்சை முடிந்ததும் ஆறிவிட்டதா என்று பெரும்பாலும் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுக்குள் என்ன வேறுபாடு?

அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த அமில முறிவு மருந்துகள் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை மட்டும் முறிக்கின்றன. சில நிமிடங்களில் ஆறுதல் கிடைக்கும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அலுமினியம் மலச்சிக்கலையும் மெக்னீசியம் பேதியையும் தரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது.

உடலில் உள்ள ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், காஸ்ட்ரின் ஆகிய மூன்று வேதிப்பொருள்களும் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. இவற்றுள் ஹிஸ்டமினின் கட்டளையை மறிக்கும் மருந்தை மருந்தியல் அறிஞர் ஜேம்ஸ் பிளாக் தலைமையிலான குழு தேடிக் கண்டது. 1976-இல் பிரிட்டனில் அந்த மருந்தான சிமெட்டிடின் விற்பனைக்கு வந்ததும் குடற்புண் அறுவை சிகிச்சைகள் வேகமாகக் குறைந்தன. ஃபாமோடிடினும் ரானிடிடினும் இதே வகை. கட்டளை வரும் மூன்று வழிகளில் ஒன்றை மட்டுமே இவை அடைப்பதால் விளைவு ஓரளவுதான்.

சுவீடனில் உருவான ஒமெப்ரசோல் 1988-இல் சந்தைக்கு வந்தது. பாண்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அதன் குடும்பமே. எந்த வழியாகக் கட்டளை வந்தாலும் அமிலத்தை வெளியே தள்ளுவது செல்லிலுள்ள ஒரே புரோட்டான் பம்புதான். இவை அந்தப் பம்போடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. மருந்து இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே இருந்தாலும், செல் புதுப் பம்பைச் செய்யும்வரை விளைவு நீடிக்கிறது. முன்சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக 4 வாரமும் இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரமும் கொடுக்கப்படுகின்றன. ஜப்பானில் 2014-இல் ஒப்புதல் பெற்ற வோனோப்ரசான், அதே பம்பை வேறு விதமாக, இன்னும் விரைவாக நிறுத்துகிறது. அதற்கு உணவு நேரமும் பொருட்டல்ல.

பாண்டோப்ரசோல் போன்றவற்றை ஏன் சாப்பாட்டுக்கு முன் எடுக்கச் சொல்கிறார்கள்?

இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இவற்றால் நிறுத்த முடியும். பம்புகள் மிகுதியாக இயங்குவது சாப்பிடும்போது. அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டுமென்றால், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கியிருக்க வேண்டும். மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது, அமிலம் அதை வழியிலேயே அழித்துவிடும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். வலிக்கும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு “இது எனக்குக் கேட்கவில்லை” என்று சொல்வது மருந்தின் குறையல்ல.

ரானிடிடின் ஏன் கைவிடப்பட்டது?

அதை வைத்திருக்க வைத்திருக்க, குறிப்பாக வெப்பத்தில், என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள் அதில் உருவாவது தெரிய வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதைச் சந்தையிலிருந்து விலக்கக் கோரியது. 2022-இல் இந்தியா தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. ஃபாமோடிடினில் இந்தச் சிக்கல் இல்லை.

கிருமியை ஒழிக்க ஏன் ஒரே நேரத்தில் இத்தனை மாத்திரைகள்?

சளிக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை ஒரே நுண்ணுயிர்க்கொல்லி கொண்டு அழிக்க முடிவதில்லை. எஞ்சியவை மருந்துக்குப் பழகிவிடுகின்றன. கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் இரண்டையும் அமிலக் குறைப்பு மருந்தோடு 14 நாள் கொடுப்பது நெடுநாளாக இருந்த முறை. கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி எதிர்ப்பு வளர்த்துவிட்ட இடங்களில் அது தோற்கிறது. அதனால் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மருந்து ஆகிய நான்கும் சேர்ந்த 14 நாள் சிகிச்சையை இப்போது பல வழிகாட்டுதல்கள் முதலில் வைக்கின்றன. அமிலத்தைக் குறைப்பது வலிக்காக மட்டுமல்ல. அமிலம் குறைந்தால்தான் நுண்ணுயிர்க்கொல்லிகள் இரைப்பையில் சிதையாமல் வேலை செய்யும்.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், கறுத்த நாக்கு, கறுத்த மலம் ஆகியவை இந்த நாள்களில் வரலாம். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவை அறவே தவிர்க்க வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் பற்றி முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஐந்தாம் நாளே வலி போய்விடலாம். அங்கே நிறுத்துபவர்களிடம்தான் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. முடித்து 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து ஒழிந்ததை உறுதி செய்வது சிகிச்சையின் ஒரு பகுதி. கிருமியை ஒழிக்காமல் புண்ணை மட்டும் ஆற்றினால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வரும். ஒழித்துவிட்டால் திரும்புவது அரிது.

சுக்ரால்ஃபேட், மிசோப்ரோஸ்டால் எதற்கு?

சுக்ரால்ஃபேட் புண்ணின் மேல் பசைபோல் ஒட்டிக்கொண்டு அமிலத்தையும் பெப்சினையும் தடுக்கிறது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். பிற மருந்துகளை உறிஞ்சவிடாது என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மிசோப்ரோஸ்டால் இழந்த புரோஸ்டாகிளாண்டினை ஈடுசெய்யும் மருந்து. அது கருப்பையைச் சுருங்கச் செய்வதால் கர்ப்பிணிகள் புண்ணுக்காக இதை ஒருபோதும் எடுக்கக் கூடாது.

பாலும் மணத்தக்காளிக் கீரையும் போதாதா?

பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணிக்கும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமுமே அமிலச் சுரப்பைத் தூண்டும். மணத்தக்காளியையும் தேங்காய்ப்பாலையும் உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை, வயிற்றுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் அவை கிருமியை ஒழிக்கின்றன என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அமிலக் குறைப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுக்கலாமா?

தேவை உள்ளவர்கள் அஞ்சாமல் எடுக்கலாம். தேவை முடிந்தவர்கள் நிறுத்த வேண்டும். நெடுங்காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறைவதும், குடல் தொற்றுகள் கூடுவதும் அறியப்பட்டவை. எலும்பு முறிவு போன்ற தொடர்புகளும் பேசப்படுகின்றன, ஆனால் மருந்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை. திடீரென நிறுத்தினால் சில வாரங்கள் அமிலம் முன்பைவிட மிகுந்து சுரக்கும். அதை நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிப் பலர் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள்; அளவைப் படிப்படியாகக் குறைத்தால் இது எளிதாகும்.

இதயத்துக்காக ஆஸ்பிரினும் மூட்டுக்காக வலி மாத்திரையும் தொடர வேண்டியிருந்தால்?

மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்படும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை வயிற்றுக்குப் பயந்து தாமாக நிறுத்துவது, புண்ணைவிடப் பெரிய ஆபத்தை அழைப்பதாகும். இத்தகையவர்களுக்குக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து ஒழித்துவிட்டு, ஆஸ்பிரினோடு அமிலக் குறைப்பு மாத்திரையையும் தொடர்வதே முறை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெலும் எடுப்பவர்களுக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதன் செயலைக் குறைக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் பாண்டோப்ரசோல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூட்டுக்கு எட்டோரிகாக்ஸிப் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைக் குறைவாகப் பாதிக்கும், ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு அவை உகந்தவை அல்ல. ஆகவே இதய மருத்துவர், எலும்பு மருத்துவர், குடல் மருத்துவர் ஆகியோரில் யாரிடம் சென்றாலும் மற்றவர்கள் எழுதிய சீட்டுகளையும், கடையில் தாமாக வாங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் ஒன்றாக எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.